புரட்டாதி முடியுமுன்

இந்த வெயிலுக்குள் கம்பளி நூலா அக்கா என்று
ஜவ்பர் கடைப் பொடியன் ஒவ்வொரு முறையும் கேட்கிறான்.
ஒவ்வொரு முறையும் ஆறு உருண்டை வாங்குகிறேன்.
உப்புவெளிக் கடலுக்கு வருகிற வெள்ளைக்காரிகளுக்குத்
தங்கள் ஊர்க் குளிரைத் தோளில் மாட்டிக்கொண்டு
நனைந்த துவாயைத் திணிக்க ஏதோ ஓர் ஆசை.
எனக்கென்ன,
பைக்கு மூவாயிரத்து இருநூறு.

உள்ளங்கை வேர்த்தால் நூல் ஊசியில் வழுக்காது.
நாலரைக்கு எழும்புகிறேன்.
பாங்கொலியும் கோயில் மணியும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும்போது
ஐந்து வரிசை முடிந்திருக்கும்.
பிறகு வெளிச்சம் வரும்.
வெளிச்சம் வந்தால் மதில் தெரியும்,
மதிலுக்கு மேலே
இரண்டு முழம் ஏறி நிற்கிற காகிதப்பூ தெரியும்.

மழைக்கு முன் வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று
எனக்குத் தெரியும்.
போன கார்த்திகையில் முருங்கை முறிந்து கரண்டுக் கம்பியில் விழ
ஒழுங்கை முழுக்க இருட்டு.
பக்கத்து வீட்டுச் சகாயராணி
நாலு நாள் என்னோடு பேசவில்லை,
ஐந்தாம் நாள்
மீன் பழுதாய்ப்போன கணக்கோடு வந்தாள்.

ஆனால் முள் கீறிய விரல் நூலை இழுக்கும்.
கண்ணிக்குக் கண்ணி தோலின் செதில் மாட்டும்.
வெள்ளை நூலென்றால் பொட்டுப் பொட்டாய் இரத்தம்.
அதனால் ஒரு சட்டம் போட்டேன்:
திங்கள் செவ்வாய் பை,
புதன் கிளை,
வியாழன் வாஸ்லின் பூசிக்கொண்டு சும்மா இருப்பது.
சட்டம் ஒரு கிழமைதான் உயிரோடு இருந்தது.
வியாழக்கிழமை சும்மா இருக்கத் தெரியாத கை.

கெஸ்ட் ஹவுஸ்காரர் கேட்டது இருபது.
பதினேழாவது பச்சைப் பை
கழுவி, கொடியில் நிழல் பார்த்துக் காயப்போட்டு
ஏணியில் ஏறினேன்.
முருங்கைக் கொப்பு ஒவ்வொன்றாய் விழுந்தது.
கச்சான் காற்று கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது.
திரும்பிப் பார்த்தால்
படலையைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறது
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று, புள்ளியும் கொம்புமாய்.
காலடியில் மலையாய்க் குவிந்த முருங்கையிலை.
அதைத் தாண்டிப் போய்
என் பையின் பிடியை மென்றுகொண்டு நிற்கிறது.

ஏய் என்றேன்.
ஏணி ஆடியது.
அது என்னைப் பார்த்த பார்வையில்
விலை கேட்கிற சாயல் இருந்தது.

மிச்சத்தை இரவு பிரித்தேன்.
பிரிக்கிறது பின்னுகிறதைவிட லேசு,
ஒரு முனையைப் பிடித்தால் வரிசையாய் ஓடி வரும்.
கிளைக்கு அந்த வசதி இல்லை.
பிழையான இடத்தில் வெட்டிய மாதுளையை
இரண்டு நாளாய்ப் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.
நீளமாய் வந்த பச்சை நூலில்
சாய்ந்த மல்லிகையைத் தடியோடு கட்டினேன்.
மீந்ததில் புதுப் பை தொடங்கினேன்.

அவசரத்தில் நூல் கத்தரிக்கோலைத் தேடப் பஞ்சி.
பலாக் கொப்பு வெட்டிய கத்தரியால்
அப்படியே நறுக்கிவிட்டேன்.
பால் ஒட்டி, காய்ந்து, கறுத்து
பையின் வயிற்றில் ஒரு புள்ளி.
மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.
இருபதுக்குள் இருபதாய் அடியில் வைத்துக் கொடுத்தேன்.

நேற்றுக் கடற்கரையில் அதே பை,
சிவந்த தோளில்.
அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டு
புள்ளியைத் தொட்டுக் காட்டி
டிசைனா என்று கேட்டது.
ஓம் என்றேன்.
இன்னும் மூன்று வேண்டுமாம்,
அதே புள்ளியோடு.

வடக்கே புறாமலைப் பக்கம் முகில் கறுக்கிறது.
காகிதப்பூ இன்னும் பாதி மதிலில்.
பலாவில் வெட்ட
ஒரேயொரு கொப்புத்தான் மிச்சம்.