சாவி இடதுகால் பூட்ஸுக்குள்

சாவி, வாசலில் கிடக்கும் இடதுகால் பூட்ஸுக்குள்.
கையை விடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள்.
தேள் விழுந்தால் வழிவிடுங்கள்,
உங்களுக்கு முன்பே அறை எடுத்தது அது.

தொட்டியில் இருப்பது வெள்ளிக்கிழமை வரைக்குமான தண்ணீர்.
லாரி வராவிட்டால்
வெள்ளி என்பது திங்கள்.
குளித்த நீரை மாதுளைக்கு ஊற்றுங்கள்,
சோப்பு வாசனை அதற்குப் பழகிவிட்டது.

விடியலில் வெளியே எல்லாம் வெளுத்திருந்தால்
பயப்படாதீர்கள், கடல் வந்திருக்கிறது.
அறுபது கிலோமீட்டர் ஏறி வந்து
முள்கம்பியில் சொட்டுச் சொட்டாய் உட்கார்ந்துவிட்டு
ஒன்பது மணிக்குள் போய்விடும்.
அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.
இங்கத்திய ஆடுகள் ஹாரனுக்கு மதிப்பளிப்பதில்லை.

கிழக்கிலிருந்து காற்றடித்தால் ஜன்னலைச் சாத்துங்கள்.
அன்றைக்கு மட்டும் சண்டை வேண்டாம்.
இந்த ஊரில் கல்யாணங்கள் முறிந்ததெல்லாம்
கிழக்குக் காற்றில்தான்.
என்னுடையதும்.

ஹென்ட்ரிக் டொம்ரோக்கின் கடை மூடியதுபோல் இருக்கும்.
மூடித்தான் இருக்கும்.
தட்டி, நாயின் கால் தேவலையா என்று கேளுங்கள்.
திறப்பார். மாவு, மீன் டப்பா, மெழுகுவத்தி கிடைக்கும்.
முட்டையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

யாராவது மருந்துக் குப்பியில் மின்னும் கல்லைக் காட்டினால்
நடையைக் கட்டுங்கள்.
கண்ணாடி என்றால் காசு போச்சு.
வைரம் என்றால் நீங்களே போச்சு.

காரீப் ஆற்றுக்குச் சாயங்காலம் போங்கள்.
அக்கரை நமீபியா. அங்கே என் தங்கை ரெபெக்கா,
கூப்பிட்டால் கேட்கும் தூரம்,
முத்திரை குத்தித்தான் போக வேண்டிய தூரம்.
சிவப்புத் துணி காய்ந்தால் அவள் வீடு.
கையசையுங்கள்.
யாரென்று தெரியாமலே திருப்பி அசைப்பாள்.

மலைச்சரிவில் ஆளுயரத்துக்கு
வடக்கே தலைசாய்த்து நிற்பவை மரங்கள்.
அரைமனிதர்கள் என்போம்.
அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள்,
ஒருமுறை திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுபோனார்கள்.
வெயில் வடக்கே என்பதால் சாய்கின்றன என்று
தங்கியிருந்த விஞ்ஞானி ஒருவர் சொன்னார்.
திங்களும் செவ்வாயும் அவரை நம்புகிறேன்.

இத்துடன் இருப்பது என் கையால் வரைந்த வரைபடம்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
வெள்ளைக் கற்கள் தொடங்கும் இடத்தில்
ஒன்றும் வரையாமல் விட்டிருக்கிறேன்.
மறதி அல்ல.

முன்பு அங்கே ஒரு சின்னப் பூ போட்டிருந்தேன்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
சட்டைப் பொத்தான் அளவில் செடிகள்.
ஒன்றுக்கு என் மகன் வயது,
இன்னும் கட்டைவிரல் நகத்தைத் தாண்டவில்லை.

போன வருஷம் இரண்டு பேர் வந்தார்கள்.
நல்ல மாதிரி. அடுப்புக் கதவின் கீலைச் சரிசெய்தார்கள்,
என் ரொட்டிக்கு அளவு கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.
சாலைத் தடுப்பில் போலீஸ் டிக்கியைத் திறந்தபோது
முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகள்,
ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி
என் தலையணை உறைகளுக்குள்.
கூடவே என் வரைபடம்.
பூவைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

பாதி திரும்பி வந்தன. நட்டோம்.
எது எந்தக் கல்லின் பக்கத்தில் இருந்ததென்று
அவற்றுக்குத் தெரிந்திருக்கும்.
எங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று தெரியும்.
அவர்களையும் எனக்குத் தெரிந்திருந்தது.

எனவே கிளம்பும் நாளில்
பையைத் திறந்து காட்டச் சொல்வேன்.
விளையாட்டுப்போல் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.
நீங்களும் சிரியுங்கள்.
ஆனால் காட்டுங்கள்.

வழிக்கு ரொட்டி சுட்டு வைத்திருப்பேன்,
துணியில் சுற்றி, இன்னும் சூடாக.
துணியைத் தபாலில் அனுப்ப வேண்டாம்,
வைத்துக்கொள்ளுங்கள்.

— ரகேல் ஓபீஸ்
(கொதிகலனைத் தொடாதீர்கள். அது அப்படித்தான் சத்தம் போடும்.)