மதவாச்சியில் மாறி

மன்னாருக்கு நேரே பஸ் இருக்கே
என்றாள் கிருபாலினி.
தெரியும்.
வவுனியாவிலிருந்து மேற்கே போவதற்கு
முதலில் தெற்கே போய், மதவாச்சியில் இறங்கி,
தேத்தண்ணிக் கடை ஈக்களோடு ஒன்றேகால் மணிநேரம் இருந்து
இன்னொரு ரயில் ஏறுவது
புத்தியுள்ள ஆள் செய்கிற வேலை இல்லை.
நான் ரயிலில்தான் போனேன்.

சீட்டுக் கொடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னால்
இரண்டு விரல் காட்டினார்.
ஒரு விரல் காட்டினேன்.
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்,
மற்ற ஆள் சோடா வாங்கப் போயிருக்கும் என்பதுபோல.

எதிர் இருக்கையில்
வெறும் மீன்பெட்டிகளோடு ஊர் திரும்பும் பேசாலை மனிசி.
"தனியவோ பிள்ளை?"
"இல்லை, அவர் மன்னாரில நிக்கிறார்."
ஒரு புருசனை உண்டாக்க
நேரியகுளம் வருமுன்னே முடிந்துவிட்டது.
"என்ன வேலை?"
"கச்சேரியில."
"எந்தப் பகுதி?"
வாயில் வந்தது: "காணி."

அதோடு அவ நிமிர்ந்து உட்கார்ந்தா.
அரை ஏக்கர், கடற்கரைப் பக்கம்,
ஆறு வருசமாய்ப் பேர்மிட்டுக்கு அலைச்சல்,
போன மாதம் கோப்பையே காணவில்லையாம்.
பனடோல் மட்டையைக் கிழித்து
கோப்பு இலக்கத்தை எழுதித் தந்தா.
"அவரிட்டக் குடுங்கோ. மறந்திடாதேங்கோ."
வாங்கி, பேர்சில் வைத்தேன்.
வேறென்ன செய்ய?

செட்டிகுளத்தில் ரயில் நாலு நிமிடம் நின்றது.
காடு ஒன்றும் நடவாததுபோல் வளர்ந்திருந்தது.
அந்தப் பக்கம்தான் எங்கேயோ நாங்கள் இருந்தோம்.
ஒரு கூடாரத்தில் மூன்று குடும்பம், பதினாறு பேர்.
தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை,
அழுவதற்கும்
யாராவது எழும்பிப் போகும்வரை காத்திருக்கவேண்டும்.
எனக்குப் பத்தொன்பது.
இரவில் கடவுளிடம் நான் கேட்டது வீடு இல்லை, சோறும் இல்லை,
பக்கத்தில் ஆள் இல்லாத
ஒரு இருக்கை.
மனிசிக்கு இதைச் சொல்லவில்லை.
அவவும் அந்த நாலு நிமிடமும்
யன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

முருங்கன் தாண்ட வயல் எல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது.
பிறகு நிலம் முடிந்து
ரயில் தண்ணீருக்குள் மெதுவாய் இறங்கி நடந்தது.
தூரத்தில் பூநாரைகள்,
யாரோ உதறிப் போட்ட இளஞ்சிவப்புத் துணி.

மன்னாரில் என்னை எதிர்கொண்டது ஒரு கழுதை.
பெருக்கமரம் பார்க்கவில்லையோ என்றார் ஓட்டோக்காரர்.
பேராலயம் என்றேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள்.
செபஸ்தியாரைப் பீடத்திலிருந்து இறக்கி
படங்குச் சீலையில் நிறுத்தியிருந்தார்கள்.
அம்புகளை உருவிவிட்டார்கள்.
நெஞ்சில், விலாவில், தொடையில்
சுத்தமான சின்ன ஓட்டைகள்.
சங்கிலித்தாம் லெம்பேட் நிலத்தில் குந்தி
பிராசோ போட்டு அம்பு மினுக்கிக்கொண்டிருந்தார்.
செருப்பை எங்கே கழற்றுவது என்று நான் தடுமாற
"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று
ஐந்தையும் என் கையில் தந்தார்.
பாரமில்லை. நகச்சாயம் போல் மணத்தது.
ஒவ்வொன்றாய் வாங்கி, பார்க்காமலே செருகினார்.
"மாறிப் போட்டால்?"
"நிக்காது. விழுந்திடும்."
அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை,
தனியவோ என்றுகூட.

கடைசி வாங்கில் இருந்தேன், நெடுநேரம்.
இரண்டு பக்கமும் இடம்.
கைப்பையைக்கூட மடியில்தான் வைத்திருந்தேன்,
வெறுமையை நிரப்ப மனமில்லாமல்.

வாசலில் விண்ணப்பப் பெட்டி,
வாய் நிரம்பத் துண்டுகள்.
பனடோல் மட்டையை எடுத்தேன்.
காணிப் பகுதியில் புனிதருக்கு ஆள் இருக்குமோ
தெரியவில்லை.
திரும்பப் பேர்சில் வைத்தேன்.

திங்கட்கிழமை கச்சேரிக்குப் போன் எடுத்து
கோப்பு இலக்கத்தைச் சொன்னேன்.
இரண்டு முறை வெட்டுப்பட்டது.
மூன்றாம் முறை ஒரு பெடியன் குரல்:
"நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

"ஒரே பெட்டியில வந்தனாங்கள்" என்றேன்.
"தேடிப் பாருங்கோ. நான் லைனில நிக்கிறன்."