ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின்

கழுத்தில் தொங்கும் அட்டையில்
சாமுவேல் தனசிங், முதுநிலைச் செவிலியம்,
இரண்டாம் ஆண்டு, சமுதாய நலப் பிரிவு.
முக்கூடலுக்கு மேற்கே இந்தத் தெருவில்
நான் நர்ஸ் தம்பி.
முதல் வாரம் அதற்கும் சிரித்தார்கள்.
"ஆம்பளையில நர்ஸா?" என்று ஒருத்தி கேட்க
"ஆம்பளையில சமையக்காரன் இல்லையா?" என்றாள் இன்னொருத்தி.
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பீடி சுற்றும் பெண்களிடையே
உயர் இரத்த அழுத்தமும்
ஆரம்ப சுகாதார நிலையத்தை அவர்கள் பயன்படுத்தும் விதமும்.
தலைப்பு இவ்வளவு நீளம்.
நூற்றிருபது பேர் வேண்டும். இவள் அறுபத்தொன்று.
முப்பிடாதி, வயது நாற்பத்தாறு.
மடியில் சொளவு இருக்க
அதன் விளிம்பிலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டாள்.
ஒப்புதல் படிவம் முழுக்கப் புகையிலைத் தூள்.
ஊதினேன். தும்மினேன்.
"பழகிரும்" என்றாள், இலையை வெட்டிக்கொண்டே.

நெறிமுறை இப்படிச் சொல்கிறது:
அளக்குமுன் ஐந்து நிமிடம்
முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட,
பேசாமல், கையசைக்காமல் இருக்க வேண்டும்.
"அஞ்சு நிமிசம்னா எட்டு பீடி தம்பி.
அதுக்குப் பொறவும் மூணு தடவை அளப்பியளா?
அரைக் கட்டு போச்சு."
நான் கால்குலேட்டரை எடுக்கவேயில்லை.

சுவரில் சாய்ந்தாள்.
சொளவை எடுத்துக் கீழே வைத்த பிறகும்
மடியில் கிடந்த கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
இலையே இல்லாமல்
எதையோ உருட்டிக்கொண்டிருந்தன.
இரண்டாம் நிமிடமும் உருட்டின.
மூன்றாவதில் நின்றன.
நான்காவதில் தலை ஒருபக்கம் சரிந்து
மெல்லிய குறட்டை.

பேசக் கூடாது என்றிருக்கிறது நெறிமுறையில்.
தூங்கக் கூடாது என்று இல்லை.
ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினேன்.
உள்ளேயிருந்து மகள் வந்தாள், கல்லூரிப் பையோடு,
என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்,
சத்தமில்லாமல் சொளவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
பத்து நிமிடம்.
தெருவில் ஐஸ்காரன் மணி கேட்டு
பன்னிரண்டாவதில் விழித்தாள்.

தூங்கி எழுந்தும் நூற்று எழுபத்திரண்டு, நூற்று நான்கு.
மறுபடியும். மறுபடியும்.
"அதுக்கு இப்போ என்ன செய்யணுங்கிய?"

இருபத்தேழாம் கேள்வி.
சுகாதார நிலையத்துக்குப் போகாத காரணம்:
தூரம், செலவு, நம்பிக்கையின்மை, நேரமின்மை, பிற.
"செவ்வாக்கிழமைதான் பிரசர் மாத்திரை குடுக்காவ.
செவ்வாக்கிழமைதான் கடையில கணக்கு முடிக்காவ.
கணக்குக்குப் போகலைன்னா
கழிச்ச பீடிக்கு யார் சண்டை போடுவா?"

அன்றிரவு விடுதியில்
பழைய அறுபது தாள்களையும் விரித்தேன்.
நாற்பத்து மூன்றில் 'நேரமின்மை'
என் கையால் போட்ட டிக்.
அவர்கள் சொன்னது அந்தச் சொல்லை அல்ல.
ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு கிழமையைச் சொல்லியிருப்பாள்,
நான் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறேன்.

"கருவியை நடுவில் மாற்றக் கூடாது தனசிங்"
என்றார் வழிகாட்டி மேடம், கண்ணாடியைத் துடைத்தபடி.
எனக்குத் தெரியும். தேர்விலேயே எழுதியிருக்கிறேன்.
கதவு வரை வந்தவனைக் கூப்பிட்டார்.
"கிழமையை மாற்றச் சொல்லிக் கடிதம் போடலாமே.
அது கருவி இல்லையே."

போட்டோம். மருத்துவ அலுவலர் பார்ப்பதாகச் சொன்னார்.
பார்ப்பதாகத்தான் இன்னும் சொல்கிறார்.
கிராமச் செவிலியர் வெள்ளத்தாய் மட்டும்
யாரையும் கேட்காமல்
திங்கள் சாயங்காலம் ஸ்கூட்டர் பெட்டியில்
மாத்திரை அட்டைகளோடு இந்தத் தெருவுக்கு வருகிறார்.
இதை ஆய்வேட்டில் எந்த அதிகாரத்தில் சேர்ப்பது
என்று இன்னும் பிடிபடவில்லை.

முப்பிடாதி என் பரிந்துரைச் சீட்டை
பீடிக் கணக்கு நோட்டின் நடுவில் வைத்திருக்கிறாள்.
அந்த வீட்டில் எதுவும் தொலையாத ஒரே இடம் அதுதானாம்.

அறுபத்திரண்டு எதிர்வீடு.
"செத்த இரிங்க தம்பி, இந்தக் கட்டு முடியட்டும்."
படியில் உட்கார்ந்தேன்.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.