மூடியைத் தொடாதீர்கள்

இரவு ஒன்பதே முக்காலுக்கு
என் தலைக்கு மேலே யாரோ இடிக்கிறார்கள்.
டொக். டொக்டொக். டொக்.
இன்றோடு இருபத்து மூன்று நாள்.

நாலு மணிக்கு எழுந்து
டேஜோன் நகரத்தின் முதல் பேருந்தை எடுக்கிறவன் நான்.
என் தூக்கத்தில் நாற்பது பேர் பயணம் செய்கிறார்கள் என்று
குடியிருப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்.
வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்தினேன்,
சுண்ணாம்பு என் கண்ணில் உதிர்ந்தது.
மேலே அதே டொக்.

இன்று படியேறினேன்.
லிஃப்ட்டுக்குக் காத்திருந்தால் கோபம் ஆறிவிடும்.

கதவைத் திறந்தவள் கையில்
முழங்கை நீளத்தில் ஒரு மர உலக்கை.
அவளுக்கு முன்பே பூண்டு வாசம் வெளியே வந்தது.
"கீழ் வீடுதானே? வாருங்கள்.
மூடியை மட்டும் தொடாதீர்கள்."

நான் மனப்பாடம் செய்து வந்த ஏழு வாக்கியங்களில்
ஒன்றுகூட
மூடியைப் பற்றியது இல்லை.
செருப்பைக் கழற்றினேன்.

பெயர் பியோ மி-ஹ்வா.
துணி திருத்தும் கடையை ஒன்பதுக்கு அடைக்கிறாள்,
அதற்குப் பிறகுதான் வீட்டில் உலை.
கனத்த இரும்புச் சட்டியில் ஊறிய அரிசி,
அரிசிமேல் காளான்,
காளான்மேல் ஒரு கூடை சோயா முளை,
மஞ்சள் தலையும் வெள்ளை வாலுமாய்.
முளை தன் நீரைத் தானே விடுமாம்;
ஒரு விரற்கணு குறைத்துத்தான் ஊற்ற வேண்டுமாம்.
"நடுவில் திறந்தால் பச்சை வாடை ஏறிவிடும்.
அப்புறம் எந்த எண்ணெயாலும் காப்பாற்ற முடியாது."

"கொத்துக்கறி போடுவார்களே?" என்றேன்.
"நான் விட்டு ஒன்பது வருடம்."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
காளான் ஊறிய பழுப்புத் தண்ணீரைச்
சிந்தாமல் ஊற்றியிருந்த விதத்தில்
ஏதோ கொஞ்சம் தெரிந்தது.

பன்னிரண்டு நிமிடம்.
அணைத்த பிறகு இன்னும் பத்து.
மூடிய சட்டிக்கு எதிரே
கோபத்தை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?
அது முதலில் கனக்கும்,
பிறகு மரத்துப்போகும்,
பிறகு பசிக்கும்.

அப்போதுதான் கேட்டது.
தடதடதட.
அவள் கூரைக்கு மேலே யாரோ
குதித்து ஓடினார்கள்.
"இரட்டைப் பிள்ளைகள்," என்றாள் நிமிராமல்.
"பத்தே காலுக்கு ஓய்ந்துவிடுவார்கள்."

வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:
"கீழேயிருந்தும் ஒரு சத்தம் வருகிறது.
எலி போலிருக்கிறது.
பசை அட்டை வாங்கி வைத்திருக்கிறேன்."

எலி
தலையைக் குனிந்துகொண்டது.
ஒப்புக்கொள்ளவில்லை.

மூடி எழுந்தது.
ஆவி என் கண்ணாடியைக் குருடாக்கியது.
துடைப்பதற்குள் கிண்ணம் என் முன்னால்.
சோயா சாறு, மிளகாய்த் தூள், நல்லெண்ணெய்,
இருபத்து மூன்று இரவு என்னைத் தூங்கவிடாத பூண்டு.
எல்லாவற்றையும் கலக்கி
ஒரு வாய் வைத்தேன்.
முளை பல்லில் நறுக்கென்றது.
காளான் பொறுமையாக, கடைசியில் ருசித்தது.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவேண்டும்தான்.
வாயில் சோறு இருந்தது.

அடிச்சட்டியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டாமல்
வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு
ஆளுக்கொரு குவளை குடித்தோம்.
பத்தே காலுக்கு மேலே ஓய்ந்தது.
சொன்ன நேரம், ஒரு நிமிடம் பிசகவில்லை.
என் பேருந்துகூட அப்படி ஓடியதில்லை.

மறுநாள், ஒன்பதே முக்கால்.
டொக். டொக்டொக்.
பழக்கத்தில் கை துடைப்பத்தை எடுத்துவிட்டது.
இன்னும் கோபம் இருந்தது, பொய் சொல்வானேன்,
நேற்றைவிடக் கொஞ்சம் சின்னது.

எடுத்த துடைப்பத்தைச் சும்மா வைப்பானேன் என்று
கூரையிலிருந்து உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பைப்
பெருக்கினேன்.

மேலே பூண்டு நசுங்கி முடிந்தது.
இனி பன்னிரண்டு,
அப்புறம் பத்து.
எனக்கும் தூக்கம் வரவில்லை,
எண்ணிக்கொண்டிருந்தேன்.