வர்ஷிதா, நாமக்கல், எட்டாம் வகுப்பு

பள்ளிக்கூடக் கூட்டத்தில் அந்தப் பெண் எஸ்.ஐ. கேட்டார்:
முன்பின் தெரியாதவர் நட்பு கேட்டால்
உங்கள் பிள்ளை என்ன செய்யும், தெரியுமா?
ஒருவரும் கை தூக்கவில்லை.
சுவர் ஃபேன் மட்டும் இல்லை இல்லை என்று
தலையாட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
கொலுசு அறுத்த தூள் கால் கிராம் குறைந்தாலும்
கண்டுபிடித்துவிடுவேன்.
அன்றிரவே வர்ஷிதாவைப் பெற்றேன்.
பதிமூன்று வயது. நாமக்கல். எட்டாம் வகுப்பு.
முகத்துக்கு ஒரு பூனைக்குட்டிப் படம்.

அழைப்பை அனுப்பிவிட்டுத் தோசை ஊற்றினேன்.
திருப்பிப் போடுவதற்குள் ஏற்றுக்கொண்டாள்
அடுத்த அறையில் இருந்த கனிஷ்கா.

அப்போதே போய்க் கத்தியிருக்க வேண்டும்.
வார்த்தைகள்கூட வாய்வரை வந்துவிட்டன.
ஆனால் அவள் கேட்டாள்,
'சாப்டியா'

என்னிடம் அப்படிக் கேட்டு
எத்தனை நாளாயிற்று.

பதினொரு நாள் பேசினோம்,
சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
கணக்கு டீச்சரின் விக்கல்.
தட்டுவடை செட்டில் பீட்ரூட் பிடிக்காதென்று
எத்தனை முறை சொன்னாலும் அம்மா மறப்பது.
லாரியோடு போன அப்பா நாக்பூரிலிருந்து பேசினால்
'படிக்கிறியா' தவிர வேறு கேட்காதது.
ராத்திரி மொட்டைமாடியில் நின்று
ஏற்காட்டு மலையேறும் வண்டி விளக்குகளைப் பார்ப்பாளாம்.
வளைவில் ஒன்று மறைந்தால்
திரும்ப வெளியே வரும்வரை
மூச்சை அடக்கிக்கொள்வாளாம்.
பதிமூன்று வருஷம் ஒரே வீட்டில்.
எனக்குத் தெரியாது.

ஒருமுறை கேட்டாள்:
'நீ ஏண்டி எங்கம்மா மாதிரி
எல்லாத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்கிற'
அதன்பின் ஒவ்வொரு வரியிலும்
ஒரு புள்ளியை அழித்துவிட்டே அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள்
'ஒரு அண்ணன் கேம்ல பழக்கம் நல்லாப் பேசுவான்
யூனிஃபார்ம்ல போட்டோ கேட்டான் அனுப்பிட்டேன்
இப்ப வேற மாதிரி கேக்கறான்
இல்லேன்னா அதை எல்லாருக்கும் அனுப்புவானாம்'

சுவரை இடித்துக்கொண்டு போகத் தோன்றியது.
அவனும் 'சாப்டியா'வில்தான் தொடங்கியிருப்பான்.
அவனும் ஏதோ ஒரு பூனைக்குட்டிக்குப் பின்னால்தான்
உட்கார்ந்திருப்பான், என்னைப்போல.

நடுங்கும் விரலால் வர்ஷிதா எழுதினாள்:
'இனி எதுவும் அனுப்பாத
அவன் அனுப்பினதை அழிக்காத, அது வேணும்
உங்கம்மாகிட்ட சொல்லு'

'கத்துவாங்கடி போனைப் பிடுங்கிடுவாங்க'

என்னைப் பற்றி எனக்கே
உத்தரவாதம் தர முடியவில்லை.
எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன்:
'கத்தலாம்
அப்புறம் கூட வருவாங்க'

பிறகு பாத்திரம் கழுவினேன்,
கழுவியதையே.
அரை மணி கழித்து வாசற்படியில் நிழல்.
'அம்மா, ஒண்ணு சொன்னா கத்தமாட்டியே?'

கத்தவில்லை. சத்தியமாய்.
குழாயை மூடினேன். பக்கத்தில் உட்காரவைத்து
எல்லாவற்றையும் கேட்டேன்,
முதல்முறை கேட்பவள்போல.
உன்மேல் தப்பில்லை என்றேன்.
காலையில் லீவு சொல்லிவிட்டு
அந்த எஸ்.ஐ.யிடம் இருவரும் போவோம் என்றேன்.
போன் உன்னிடமே இருக்கட்டும் என்றபோது
நிமிர்ந்து பார்த்தாள்.
யார் அழுதது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இனி என் குற்றம் பாக்கி.
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
தொண்டையைச் செருமினேன்.
அவள் தன் போனில் ஏதோ தட்டினாள்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருந்த என் போன்
அதிர்ந்தது.
அலமாரியின் எவர்சில்வர் முழுக்க
சேர்ந்து கிணுகிணுத்தது.

அவள் பார்க்கவே எடுத்துப் பார்த்தேன்.
வர்ஷிதாவுக்கு ஒரு செய்தி:

சொல்லிட்டேன்.

முற்றுப்புள்ளி வைத்திருந்தாள்.