நாலாம் மாதம்

கைக்குழந்தைச் சாமான் கடையில் வரிசை
டிராம் தண்டவாளம் வரை நீண்டிருந்தது.
என் முறை வந்தபோது
கடைக்காரி என் வயிற்றைப் பார்த்து
"எத்தனை மாதம்?" என்றாள்.
"நாலு" என்றேன். நா கூசவில்லை.
இருபது அணையாடை, வெள்ளை மல்துணி,
பழுப்புத் தாளில் கட்டிக் கொடுத்து
"சுகப்பிரசவம் ஆகட்டும்" என்றாள்.
அதுதான் கொஞ்சம் சுட்டது.

எண்பத்திரண்டாம் வருஷம்.
வூச் நகரத்து ஆலைகளில்
மூன்று ஷிப்டும் தறி ஓடியது.
நெய்ததெல்லாம் ரயிலேறிப் போனது.
எங்களுக்கு உடுத்த ஒன்றுமில்லை.

மருந்துக்கடையில்
தொண்டைக்குத் தடவும் ஊதா மருந்து ஐந்து சீசா.
"வீட்டில் எல்லாருக்குமா தொண்டைப்புண்?"
"எல்லாருக்கும்."

சூப்புச் சட்டி. கொதிநீர். ஒரு பிடி உப்பு.
காடிக்குப் பதில்
வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் மிஞ்சிய புளித்தண்ணீர்.
மரக்கரண்டியால் புரட்டப் புரட்ட
வெள்ளை முரண்டு பிடித்தது,
பிறகு ஒரேயடியாக விழுந்தது.
மியெதெக் வேலையிலிருந்து வந்து மூடியைத் திறந்தான்.
"பீட்ரூட் சூப்பா?"
கரண்டி வாய்க்குப் போகுமுன் தட்டிவிட்டேன்.
அவன் சட்டையில் அந்தத் துளி
இன்றும் இருக்கிறது.

மே மாதம், ஆலை உணவுக்கூடம்.
ஊதாப் பாவாடையில் நான்.
எதிரே ஊதாப் பாவாடையில் பொஜேனா,
ஜன்னலோரம் செஸ்யா,
தட்டேந்தி வந்தவள் ஹலினா.
நால்வருக்கும் நகக்கண் ஊதா.
"உனக்கு எத்தனை மாதம்?"
"நாலு."
"எனக்கும்தான்!"
சிரித்ததில் செஸ்யாவுக்குப் புரையேறியது.
மாலையில் மழை பிடித்துக்கொண்டது.
டிராம் இருக்கையில் நாலு ஊதா வட்டங்கள்.

அடுத்த வருஷம்
நிஜமாகவே நாலாம் மாதம்.
அதே வரிசை. அதே கடைக்காரி.
என்னை அவள் மறக்கவில்லை.
ஏறிட்டுப் பார்த்தாள்,
மேசைக்கு மேலாகக் கையை நீட்டி
என் கையைப் பற்றிக்கொண்டாள்.
"போன தடவை தங்கவில்லையா, கண்ணே?"
நான் என்ன சொல்ல?
தலை குனிந்தேன்.
அதையும் அவள் துக்கம் என்றே எடுத்துக்கொண்டாள்.
"சரக்கு வரவில்லை. வந்தால் முதல்கட்டு உனக்குத்தான்."
வரவேயில்லை.

அக்டோபரில் பாவாடையின் தையலைப் பிரித்தேன்.
இருபதில் பதினேழு தேறின.
எத்தனை அலசியும் தண்ணீர் தெளியவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸ்
துணியை விலக்கினாள், மூச்சை இழுத்தாள்.
தொப்புளிலிருந்து முழங்கால்வரை
என் மகன் கத்தரிக்காய் நிறம்.
விளக்கருகே தூக்கிப் பார்த்தாள்,
அழுத்திப் பார்த்தாள்,
அவன் அவள்மேலேயே பெய்தான்.
"எப்போதிருந்து இப்படி? என்ன இது?"

"பாவாடை" என்றேன்.