வெறும் வயிற்றில்

நாற்பத்தொரு வயதில் மாணவி நான்.
பதினெட்டு வருஷம் கப்பல் கம்பெனிக்கு
இன்வாய்ஸ் அடித்த விரல்கள்
இப்போது நாடி பிடிக்கப் பழகுகின்றன.
பக்கத்து இருக்கை ஹிதாயாவுக்குப் பத்தொன்பது.
நான் மூக்குக்கண்ணாடி தேடும் நேரத்தில்
அவள் இரண்டு பக்கம் எழுதி முடித்திருப்பாள்.

மிஸ் கோ திரையில் அதைக் காட்டினார்.
திருகாணி உடம்பு, ஒரு முனையில் சில வால்கள்.
அமோனியா முக்காடு போட்டுக்கொண்டு
அமிலத்துக்கு நடுவே குடித்தனம் நடத்தும் கிருமி.
இத்தனை காலம்
அண்ணியின் மிளகு ரசத்தைத் திட்டியவள் நான்.
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினேன்:
‘ரசம், குற்றவாளி அல்ல.’

சனிக்கிழமை, ஜூரோங் கிளினிக்.
கலியமூர்த்தி, அரியலூர்ப் பக்கம்,
சாரம் கட்டுகிறவர், துவாஸ் விடுதி.
“வயிறு எரியுது மிஸ்ஸி.”
யார் மேல் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது.
கேட்கவில்லை.
மிஸ் கோ பின்னால் நின்று
என் தாளில் கட்டம் கட்டமாய்க் குறித்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன்.
ஒரு வேளைக்கு நாலு, ஒரு நாளைக்கு எட்டு,
பதினாலு நாளில் நூற்றுப் பன்னிரண்டு.
வாயில் இரும்பு ருசிக்கும், பயப்படாதீர்கள்.
வலி நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்.
மலம் தார் மாதிரி போனால் அன்றைக்கே ஓடி வாருங்கள்.
தோள்வலிக்கு வாங்கிப் போடும் மாத்திரை இனி வேண்டாம்.
பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா?
தலையாட்டினார்.

“இப்ப நான் சொன்னதை
நீங்க எனக்குச் சொல்லிக் காட்டுங்க.”
ஒன்று விடாமல் ஒப்பித்தார்.
பிறகு கேட்டார்:
“சாப்பாட்டுக்கு அரைமணி முந்தினு சொன்னீங்க.
எந்தச் சாப்பாடு?”

நாலு மணிக்குப் பொட்டலம் வரும்.
அஞ்சு பத்துக்கு லாரி.
பொட்டலம் பிரிப்பது பன்னிரண்டுக்கு,
அதற்குள் சோறு வேர்த்து, சாம்பார் வேறு வாசம்.
காலையில் வெறும் தேத்தண்ணிதான்.

பாடப்புத்தகத்தில்
காலை உணவு என்றொரு படம் உண்டு.
தட்டு, முட்டை, ஆரஞ்சுப் பழம்.

ஒரு நாள் லீவுச் சீட்டு வாங்கித் தரவா என்றேன்.
கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.
“ஓட்டி போயிடும்.
வயித்துல மட்டும் அடிச்சிடாதீங்க.”
இதை மிஸ் கோவுக்கு ஆங்கிலத்தில் சொல்லப் போய்
அடித்தது யார், எப்போது அடித்தார்கள் என்று
அவர் பதறிவிட்டார்.

அச்சடித்த அட்டையைத் திருப்பிப் போட்டேன்.
காலை, மாலை என்று எழுதவில்லை.
‘எழுந்ததும்: ஊதா மாத்திரை.
லாரி ஏறியதும்: நாலு பிஸ்கட், பிறகு மற்ற மூன்று.
குளிக்கப் போகுமுன்: ஊதா.
ராத்திரிச் சோறு ஆனதும்: மற்ற மூன்று.’
ஹிதாயா பக்கத்தில் ஒரு லாரி வரைந்தாள்.
சக்கரம் மூன்றுதான் வந்தது.

தேர்வுத் தாளில் எனக்கு மதிப்பெண் குறைந்தது.
நேரம் தாண்டிவிட்டேனாம்.

மருந்து முடிந்து ஒரு மாசம் கழித்து
அவர் வந்தபோது அட்டை நாலாய் மடிந்திருந்தது,
மூலையில் சிமெண்ட்.
இருபத்தேழு டிக்.
ஒன்பதாம் நாள் ராத்திரியில் மட்டும்
‘ஓட்டி. தூங்கிட்டேன்.’

கரைசலைக் குடித்தார்.
வயிற்றில் யார் இருக்கிறார்கள் என்று
மூச்சைக் கேட்கும் சோதனை இது.
பிடிங்க என்றேன், பிடித்தார்.
ஊதுங்க.
பை மெல்ல உப்பியது.

முடிவு திங்கட்கிழமை வரும்.
அன்றைக்கு எனக்கு வேறு வார்டு.